தடுப்புச் சுவரில் ஒரு அரசங்கன்று

எந்தச் சுவரைப் பார்த்தாலும் என் கண் முதலில் அதன் வெடிப்புக்குத்தான் போகும். கல்யாண வீடானாலும் சரி, ஆஸ்பத்திரியானாலும் சரி. பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பஸ் வருகிற திசையைப் பார்த்து நிற்பார்கள். நான் கட்டணக் கழிப்பறையின் பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எங்கே பாசி பிடித்திருக்கிறது, எந்த விரிசலில் குப்பைமேனி நிற்கிறது, அரசங்கன்று ஏதும் தலை காட்டுகிறதா என்று. அரசங்கன்று கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

இப்போது திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். ராகு காலம் இடம் மாறியிருக்கிறதா, மாசத்தின் இரண்டு பிரதோஷத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறதா, கடைக்காரர் பெயரில் எழுத்து விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. தப்புக் கண்டுபிடித்தே பிழைக்கிறவளுக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவர் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருப்பதைத் தெருமுனை வரை துரத்திப் போய்ச் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு கண்ணுள்ள நான் ஒரு தப்பை மட்டும் பார்த்தும் பேசாமல் இருந்தேன். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அச்சகத்துக்கு வருவதற்கு முன்னால் நாலு வருஷம், விஸ்வநத்தம் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனியில் களை பிடுங்கினேன். பட்டாசுக் கம்பெனியில் ஏது களை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உண்டு. அங்கே ஒரே கட்டடமாகக் கட்ட மாட்டார்கள். சின்னச் சின்ன ரூம்களாக, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். ஒரு ரூமில் ஏதாவது ஆனால் அது அந்த ரூமோடு போக வேண்டும். நடுவில் புல் காய்ந்து கிடந்தால் தீ அதில் நடந்து அடுத்த ரூமுக்குப் போய்விடும். அதனால் தரையில் பச்சையும் நிற்கக் கூடாது, காய்ந்ததும் கிடக்கக் கூடாது. மருந்து கலக்கிற ரூமுக்கும் பக்கத்து ரூமுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு மேலே தடிமனாக ஒரு செங்கல் சுவர் எழுப்பியிருப்பார்கள். அதற்குத் தடுப்புச் சுவர் என்று பெயர். வெடித்தால் அந்த அடியை வாங்கிக்கொள்வதைத் தவிர அந்தச் சுவருக்கு வேறு வேலை கிடையாது.

எங்கள் கம்பெனியில் ஏழாம் ரூம் மருந்து கலக்கிற ரூம். எட்டாம் ரூமில் பெண்கள் உட்கார்ந்து வெடிக்குத் திரி வைப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்ற தடுப்புச் சுவர்தான் அங்கே இருந்ததிலேயே பழசு. முதல் முதலாளி காலத்தில் சுண்ணாம்புக் கலவையில் கட்டினது என்றார்கள். பழைய சுவர் என்றால் செடிக்குக் கொண்டாட்டம்.

ஐப்பசி பிறந்து இரண்டு மழை விழுந்துவிட்டால் போதும். தீபாவளி லோடு எல்லாம் ஏறி முடிந்து, கம்பெனி அடைத்துக் கிடக்கும் நேரம் அது. ஆள் இல்லாத இடத்தில் சுவர் தன் பாட்டுக்குக் குடும்பம் நடத்த ஆரம்பிக்கும். வடக்குப் பக்கம் முதலில் பாசி பிடிக்கும். பாசி மேல் தூசி ஒட்டும். அந்தத் தூசியில் பேர் தெரியாத ஒரு குட்டைப் பெரணி வரும். காற்றில் வந்த வெட்டுக்காயப் பூண்டு ஒரு வெடிப்பைப் பிடிக்கும், எறும்பு இழுத்து வந்த விதை இன்னொன்றைப் பிடிக்கும். மூக்கிரட்டை விதை எங்கள் சேலை ஓரத்தில் ஒட்டிக்கொண்டே வந்து சுவரடியில் இறங்கும். தெற்குப் பக்கம் வெயில் காயும், அங்கே குப்பைமேனியும் துத்தியும்தான் தாக்குப்பிடிக்கும். மைனாவும் காக்காயும் சுவர் உச்சியில் உட்கார்ந்து எச்சம் போடும். அதில் அரசமும் வேம்பும் வரும். கார்த்திகையில் கம்பெனி திறந்து நாங்கள் உள்ளே போகும்போது ஒரு ஊரே அங்கே குடியேறி இருக்கும்.

எனக்கு அந்தச் செடிகளில் பாதிக்குப் பேர் தெரியாது. பிடுங்கினால் எப்படி வருகிறது என்பதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். வெட்டுக்காயப் பூண்டு சொன்ன பேச்சுக் கேட்கும், இழுத்தால் வரும். குப்பைமேனி ஈரத்தில் வரும், காய்ந்தால் முரண்டு பிடிக்கும். மூக்கிரட்டை தண்டை மட்டும் கையில் கொடுத்துவிட்டுக் கிழங்கை உள்ளே வைத்துக்கொள்ளும். அரசு மட்டும் எதையும் தராது. இலையைக் கிள்ளலாம், தண்டை ஒடிக்கலாம், அவ்வளவுதான்.

காரணம் என்னவென்றால், அங்கே இரும்பு ஆகாது. அரிவாள், கடப்பாரை, களைக்கொத்து எதையும் ரூம் பக்கம் கொண்டுபோகக் கூடாது. இரும்பு கல்லில் பட்டு ஒரு பொறி தெறித்தால் முடிந்தது. வாசலில் செருப்பைக் கழற்றுவோம், சேலை ஊக்கைக்கூடக் கழற்றி ஒரு டப்பாவில் போடுவோம். என் கையில் இருந்ததெல்லாம் ஒரு பித்தளைக் கரண்டியும், முனை சீவின ஒரு வேலங்குச்சியும்தான். அதை வைத்துக்கொண்டு அரச வேரோடு மல்லுக்கு நின்றேன். வேர் வரவில்லை, கரண்டிதான் வளைந்தது.

எட்டாம் ரூமில் வேலை பார்த்த ஒருத்தி எங்கள் தெருக்காரி. மல்லாங்கிணறு பக்கம் விவசாயக் குடும்பத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். ஒரே கம்பெனி வேனில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் போவோம். சொந்தம் ஒன்றும் கிடையாது, ஆனாலும் என்னை மதினி என்பாள். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. வேனில் யாராவது வளைகாப்பு, காது குத்து என்று பேச ஆரம்பித்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். திரும்பிக்கொள்கிறாள் என்பதைப் பார்த்துவிட்டு நான் பேச்சை மாற்றுவேன். என் வாயிலிருந்து வந்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

ஒரு கார்த்திகை மாசம், எட்டாம் ரூம் பக்கமாகத் தடுப்புச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு அரசங்கன்றைப் பார்த்தேன். ஒரு சாண் இருக்கும். இலை எல்லாம் தளதளவென்று இருந்தது. கரண்டியை வைத்து நெம்பப் போனேன். சாப்பாட்டுத் தூக்குச் சட்டியோடு வந்த அவள் பின்னால் நின்று பார்த்துவிட்டாள்.

"மதினி, அத விட்ருங்க."

"விட்டா போர்மேன் அண்ணாச்சிக்கு நீ பதில் சொல்றியாத்தா?"

"எல்லாத்தையும் பிடுங்குங்க, நான் கேக்கல. அரசு மட்டும் இருந்துட்டுப் போகட்டும். நானா வச்சேன், தானா வந்துருக்கு. ஊருக்குள்ள அரச மரத்தச் சுத்தப் போனா ஆளாளுக்கு என் வயித்தப் பாக்காக. இங்கன யாரு பாக்கப் போறா?"

எனக்குச் சாமி பூதத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் பிள்ளைக்காக ஏங்குகிற ஒருத்தியின் கண்ணெதிரே அரசைப் பிடுங்க எங்கள் பக்கத்தில் எவளுக்கும் கை வராது. எனக்கும் வரவில்லை. இது பரிதாபம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எழுதி என்ன பிரயோஜனம்? அதற்கு முந்தின வாரம்தான் வேறொரு அரச வேரோடு இழுபறி நடத்தி என் உள்ளங்கை கொப்புளித்திருந்தது. விடச் சொல்ல ஒரு ஆள் கிடைத்தது எனக்கு வசதியாகவும் இருந்தது. எது பாதி, எது மீதி என்று இன்றைக்கு வரை எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அன்றிலிருந்து மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் போவாள். அங்கே ஒரு பச்சை பிளாஸ்டிக் செம்பு கிடக்கும். அதில் மொண்டு வந்து வெடிப்பில் ஊற்றுவாள். மூன்று தடவை கும்பிடுவாள். பேசாமல் ரூமுக்குப் போய்விடுவாள்.

இந்தக் கூத்தை எல்லாம் பார்த்தது எட்டாம் ரூமில் இருந்த பெரியம்மா ஒருத்திதான். அந்த அம்மாளும் எங்களுக்குச் சொந்தம் இல்லை. ஐம்பதைத் தாண்டின வயசு, திரி வைப்பதில் வேகமான கை, அதைவிட வேகமான வாய். அந்த வாய்க்குப் பயந்து போர்மேனே அந்த ரூம் பக்கம் சுருக்கமாகப் பேசிவிட்டுப் போவார். என்னைப் பார்த்தால் விடாது.

"ஏத்தா, நீ முன்னால பிடுங்கிக்கிட்டே போற, அது பின்னால முளச்சுக்கிட்டே வருது. சம்பளம் ஒனக்கா, செடிக்கா?"

"பாதிப் பாதி பெரியம்மா."

"அந்த அரசு ஒனக்கு என்ன மொறை வேணும்? அது மட்டும் நல்லா ஒக்காந்து திங்குது."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டும். காட்டிக்கொடுக்காது. அதன் குணம் அது.

அடுத்த வருஷம் அந்தச் செடி மார்பு உயரத்துக்கு வந்தது. நான் அதைக் கண்ணில் படாமல் வைத்திருக்கக் கற்றுக்கொண்டேன். போர்மேன் அண்ணாச்சி சொன்னதும் அதுதான். "செடி கண்ணுல படக் கூடாது" என்பார். சுவரில் இருக்கக் கூடாது என்று அவர் சொன்னதே இல்லை. ஆபீசர் பார்வையிட வருகிறார் என்றால் முந்தின நாளே நான் அதன் கிளையை எல்லாம் ஒடித்து மொட்டையாக்குவேன். சுண்ணாம்பும் மணலும் குழைத்து வெடிப்பின் வாயை அடைப்பேன். மேலே வெள்ளை அடிப்பேன். ஆபீசர் பார்த்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போவார். பத்து நாளில் சுண்ணாம்பைத் தள்ளிக்கொண்டு சிவப்பாக ஒரு துளிர் வெளியே வரும். அவள் அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்படுவாள்.

அப்படி அடைக்கிறபோதுதான் எனக்குத் தெரிந்தது. முதல் வருஷம் அந்த வெடிப்புக்குள் என் சுண்டுவிரல் போனது. இரண்டாம் வருஷம் நாலு விரல் போனது. மூன்றாம் வருஷம் மணிக்கட்டு வரை கை உள்ளே போனது. உள்ளே ஜில்லென்று இருந்தது. வேர் என் கைப் பருமனுக்குச் சுவரின் நடு வயிற்றில் படுத்துக் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். அந்த ஜில்லிப்பு இன்னும் என் விரல் நுனியில் இருக்கிறது. காலண்டர்த் தாளைத் தொடும்போது சில நேரம் வருகிறது.

அன்றைக்கு நான் நேராகப் போய்ப் போர்மேனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏழாம் ரூமை நிறுத்துவார்கள். கொத்தனாரைக் கூட்டி வந்து சுவரைப் பிரித்து வேரை எடுத்து மறுபடி கட்டுவார்கள். சீசன் நேரத்தில் ஒரு வாரம் போகும். ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று என்னைக் கேட்பார்கள். அவளுடைய செடியும் போகும். இத்தனையும் யோசித்துவிட்டு நான் சுண்ணாம்பைக் குழைத்தேன். வழக்கத்தைவிடக் கெட்டியாகக் குழைத்தேன்.

மூன்றாம் வருஷம் ஆடி மாசம். அவள் ஒரு வாரமாக வேலைக்கு வரவில்லை. தலை சுற்றல், மஞ்சக்காமாலையாக இருக்கும் என்று அவள் மாமியார் சொன்னாள். நானும் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தோம். நான் வாசல் பக்கம் வேப்ப மரத்தடியில் இருந்தேன். ஏழாம் ரூமில் ஒரு ஆள் கூட இல்லை. காலையில் கலந்து மிச்சம் இருந்த மருந்து வெக்கையில் கிடந்து சூடேறிவிட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். சத்தம் காதில் விழுந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. தரை காலுக்கடியில் ஒரு தடவை எழும்பி உட்கார்ந்தது. மரத்தில் இருந்த காக்காய் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பியது. அப்புறம் ஓட்டம்.

புகை அடங்கி நாங்கள் கிட்டே போனபோது ஏழாம் ரூம் இல்லை. தடுப்புச் சுவர் நின்றது. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கருகிப் போய், ஆனாலும் நின்றது. நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும், பல் விழுந்த மாதிரி, ஆறடி அகலத்துக்குச் சுவர் இல்லை. அந்தச் செங்கல் எல்லாம் எட்டாம் ரூம் பக்கம் சரிந்து கிடந்தது. அதற்கு அடியில்தான் பெரியம்மா கிடந்தது.

போனது அந்த ஒரு உயிர்தான். ஊரெல்லாம் அதைச் சொல்லியே ஆறுதல்பட்டது. சாப்பாட்டு நேரமாகப் போனது, இல்லாவிட்டால் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்றார்கள். பெரியம்மா நிழலுக்காகச் சுவரோரம் ஒதுங்கியிருக்கும், விதி இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றார்கள். தப்புக் கண்டுபிடிக்கிற என் புத்தி அந்த நேரத்திலும் சும்மா இருக்கவில்லை. ஆடி மாசம் உச்சி வெயிலில் அந்தச் சுவருக்கு எந்தப் பக்கமும் நிழல் கிடையாது. தொட்டியடியில் கிடக்க வேண்டிய பச்சைச் செம்பு செங்கலுக்கு நடுவே நசுங்கிக் கிடந்தது. இரண்டையும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. என் கண் அந்த இடிந்த ஓரத்திலேயே நின்றது. கருகின வேர் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் நான் பூசின வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

விசாரணைக்கு வந்தார்கள். மருந்து எவ்வளவு இருந்தது, யார் கலந்தது, ரூமில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். சுவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று வெகு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். ஆபீசர் என் பக்கம் திரும்பினபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கம்பெனியைப் பூட்டினார்கள். அவளுக்கு வந்தது மஞ்சக்காமாலை இல்லை என்று அதற்குப் பிறகுதான் தெருவுக்குத் தெரிந்தது. தை மாசத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஊர் மூக்கில் விரலை வைத்தது. நான் குழந்தையைப் பார்க்கப் போனபோது அவள் மடியில் வைத்துக் கொடுத்தாள். வாங்கினேன், சீக்கிரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவ்வளவு அழகான பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குச் செங்கல் கனம்தான் தெரிந்தது.

அந்தப் பிள்ளை இப்போது ஏழாவது படிக்கிறது. இத்தனை வருஷமும் ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை அவள் என் வாசலில் வந்து நிற்பாள்.

"மதினி, வாங்க, மரத்துக்குத் தண்ணி ஊத்திட்டு வந்துருவோம்."

வரவில்லை என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். என்னிடம் இருந்த காரணத்தைச் சொல்ல முடியாது. அதனால் போவேன். கம்பெனி கேட் துருப்பிடித்துத் திறந்தே கிடக்கும். ரூம்களுக்குக் கூரை இல்லை. நான் நாலு வருஷம் பிடுங்கினது எல்லாம் திரும்பி வந்து வசதியாக உட்கார்ந்திருக்கும். எட்டாம் ரூம் சுவரில் கோவைக்கொடி ஏறிப் பழுத்துத் தொங்கும். ஜன்னல் விளிம்பில் துத்தி பூத்திருக்கும். திரி வைக்கிற பெண்கள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து வழவழப்பான இடத்தில் கூடப் பாசி கருத்துக் காய்ந்திருக்கும். அந்த இடத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி எனக்கு ஒவ்வொரு வருஷமும் தோன்றும். ஏத்தா, சம்பளம் ஒனக்கா செடிக்கா என்று கேட்டுவிடுமோ என்று வேகமாகத் தாண்டிப் போவேன். பயம்தான். அதை வேறு எப்படிச் சொல்வது?

அரசு சாகவில்லை. கருகின வேரிலிருந்து துளிர்த்து, இடிந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, இப்போது என் இரண்டு கையும் சேர்த்துக் கட்டிப் பிடிக்கிற பருமனுக்கு நிற்கிறது. ஒடிந்த சுவரை அதுதான் தாங்கி நிற்கிறதோ என்றுகூடத் தோன்றும். அவள் கொண்டு வந்த பாட்டிலைத் திறந்து தண்ணீர் ஊற்றுவாள். மரத்தடியில் ஊற்ற மாட்டாள். மூன்றடி தள்ளி, செங்கல் கிடந்த மேட்டில் ஊற்றுவாள். இது எனக்குப் பொறுக்காது. வருஷா வருஷம் சொல்வேன்.

"தூர்ல ஊத்து தாயி. அங்கன ஊத்துனா வெயிலுதான் குடிக்கும்."

"எல்லாம் போய்ச் சேந்துரும் மதினி."

தண்ணீர் எப்படிப் போகும் என்று இவளுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது என்று அலுத்துக்கொள்வேன்.

இந்த வருஷம் ஆனி கடைசியிலேயே வந்துவிட்டாள். இடம் கைமாறிவிட்டதாம். அடுத்த வாரம் ஜேசிபி வந்து எல்லாவற்றையும் தள்ளித் தரைமட்டமாக்கப் போகிறதாம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தாள். அச்சகத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

மரத்துக்குக் கீழே போனதும் நின்றாள். சுவர் ஓரத்து வெடிப்பில் ஒரு சின்ன அரசங்கன்று இருந்தது. பெரிய மரத்தின் பிள்ளையாக இருக்கும். அதைக் காட்டினாள்.

"அத வேரோட எடுத்துத் தாங்க மதினி. வீட்டுக்குக் கொண்டுபோறேன். உங்களுக்குத்தான் கை பழகுனது."

இந்தத் தடவை இரும்பு ஆகாது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அவள் பையில் ஒரு கொத்துக்கரண்டியே வைத்திருந்தாள். நான் அதை வாங்கவில்லை. குனிந்து வெடிப்புக்குள் விரலை விட்டேன். நாலு விரல் போனது. அதே ஜில்லிப்பு. விரல் நுனி வேரைத் தொட்டதும் கையை உருவிக்கொண்டு அப்படியே செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மதினி? பூச்சி எதும் கடிச்சிருச்சா?"

அடுத்த வாரம் இந்தச் சுவர் இருக்காது. சுவர் போய்விட்டால் சொல்லவே வேண்டாம், யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு ஒரு நிமிஷம் எனக்குச் சுகமாக இருந்தது. அந்தச் சுகம்தான் என்னைச் சொல்ல வைத்தது என்று நினைக்கிறேன். அவ்வளவு கேவலமாக இருந்தது.

"இந்தச் செவரு சும்மா விழலத்தா. இந்த வேரு உள்ள போயி பிளந்துருந்துச்சு. எனக்குத் தெரியும். மணிக்கட்டு வரைக்கும் கைய விட்டுப் பாத்துருக்கேன். போர்மேன்ட்ட சொல்லல. சுண்ணாம்ப வச்சு அடச்சு வெள்ளையடிச்சேன். மத்த எடமெல்லாம் நின்னுச்சு பாத்தியா, நான் அடச்ச எடம் மட்டும்தான் விழுந்துச்சு. பெரியம்மாவ நான்தான்..."

அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செங்கல் இடுக்கில் ஒரு குப்பைமேனி நின்றது. பழக்க தோஷத்தில் அதைப் பிடுங்கினேன்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். என் மேல் இருக்கிற அந்த மதினி என்கிற முறை இன்றோடு போயிற்று என்று நினைத்தேன். அவளும் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

"பெரியம்மா அந்நேரத்துக்கு எதுக்கு இங்கன வந்துச்சுன்னு நீங்க என்னைக்காச்சும் யோசிச்சீகளா மதினி?"

"நிழலுக்குன்னு சொன்னாக."

"நீங்க நம்புனீகளா?"

கையில் இருந்த குப்பைமேனியைக் கீழே போட்டேன்.

"எனக்கு நாள் தள்ளிப் போனத நான் மொதல்ல அதுட்டத்தான் சொன்னேன். எங்க வீட்டுக்காரருக்குக்கூட அப்புறந்தான் தெரியும். டாக்டரம்மா வேலைக்குப் போகக் கூடாதுன்னுட்டாக. நடுவுல தண்ணி ஊத்தாம விட்டா ஏதும் ஆயிருமோன்னு எனக்குப் பயம். ஒம்பது வருசங் கழிச்சுத் தங்கிருக்கு, எனக்குப் பயம் இருக்காதா? நான் வார வரைக்கும் நீங்க ஊத்துங்க பெரியம்மான்னு கையப் பிடிச்சுக் கேட்டேன். சாமி பூதம்னு எம்புட்டுக் கேலி பண்ணும் அது. அன்னைக்குக் கேலி பண்ணல. போடி, ஊத்துதேன்னு சொல்லுச்சு. தெனமும் சாப்பிட்டுட்டு வந்து ஊத்திருக்கு."

பச்சைச் செம்பு ஏன் அங்கே கிடந்தது என்று பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு எனக்குப் புரிந்தது.

"எம் புள்ள மொகத்தப் பாக்கும்போதெல்லாம் எனக்குப் பெரியம்மா நெனப்புதான் மதினி. புள்ள சிரிச்சாலும் அதுதான். யார்ட்ட போயிச் சொல்ல? எங்க வீட்ல சொன்னா புள்ளைய ராசி கெட்டதும்பாக. ஒங்கள்ட்டச் சொல்லணும்னுதான் வருசா வருசம் கூட்டியாறது. இங்கன வந்ததும் வாய் வராது. நீங்க தூர்ல ஊத்து தூர்ல ஊத்துன்னு வைவீக. சரின்னு திரும்பிருவேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை, எனக்குத்தான் வந்தது. தப்பு உன் மேல் இல்லை என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். நான் சொல்லி அவள் நம்ப மாட்டாள். அவள் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். எங்கள் இரண்டு பேரையும் வைதோ மன்னித்தோ விடவேண்டிய வாய் அந்தச் செங்கல் மேட்டடியில் போய்விட்டது.

கன்றைப் பற்றி இரண்டு பேருமே மறுபடி பேசவில்லை. அது வெடிப்பிலேயே இருந்தது. கொத்துக்கரண்டியை அவள் பையில் போட்டுக்கொண்டாள். பாட்டிலைத் திறந்தாள். மரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றடி தள்ளி, எப்போதும் ஊற்றுகிற மேட்டில், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். காய்ந்த மண்ணும் செங்கல் பொடியும் அதைச் சத்தமில்லாமல் குடித்தன. நான் ஒன்றும் சொல்லவில்லை.

பாதி ஊற்றினதும் நிறுத்தினாள். பாட்டிலை என் பக்கம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். எங்கே ஊற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை.